மூலம் என்று முடிவு கட்டும் முன்

மலத்தோடு ரத்தம் வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: மூலம். ‘உடம்புச் சூடு, கோழிக்கறியைக் குறை, மோர் குடி’ என்று வைத்தியமும் கூடவே வந்துவிடும். பல சமயம் அது மூலமாகவே இருந்துவிடுகிறது. சிக்கலே அதுதான்.

மூலம் புதிதாக முளைத்த கட்டி அல்ல. ஆசனவாய்க்குள் ரத்தநாளங்கள் நிறைந்த மெத்தைகள் எல்லோருக்கும் உண்டு. காற்றும் நீரும் கசியாமல் ஆசனவாயை மூட அவை உதவுகின்றன. வருடக்கணக்காக முக்கிக்கொண்டிருந்தால் அவற்றைத் தாங்கும் திசு தளர்ந்து, மெத்தை வீங்கிக் கீழே இறங்குகிறது. கெட்டி மலம் உரசும்போது கசிகிறது. அங்கே தமனி ரத்தம் நேராகச் சிரையில் கலப்பதால் நிறம் பளிச்சென்ற சிவப்பு. மலம் போனபின் சொட்டும்; மலத்தோடு கலக்காது. உள்மூலத்தில் வலியும் பெரும்பாலும் இருக்காது, அந்தச் சவ்வில் வலி உணரும் நரம்புகள் இல்லை. உயிர் போகிற வலி என்றால் ஆசனவாய் வெடிப்பாகவோ, வெளிமூலத்தில் ரத்தம் உறைந்ததாகவோ இருக்கலாம்.

இரைப்பையில் கசியும் ரத்தம் கீழே வந்து சேர்வதற்குள் தார் போலக் கறுத்துவிடும். (இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும், பதற வேண்டாம்.) பெருங்குடலின் வலப்பக்கக் கட்டியோ சொட்டுச் சொட்டாகக் கசிந்து மலத்தில் கலந்துவிடுவதால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஹீமோகுளோபின் குறையும், அவ்வளவுதான். ஐம்பது வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், காரணம் தேடாமல் மாத்திரை மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் சிவப்பு என்றால் மூலம்தானே? இல்லை. மலக்குடல் புற்றுநோய் அந்த மெத்தைகளுக்குச் சற்று மேலேதான் உட்கார்ந்திருக்கும். அதன் ரத்தமும் சிவப்பாகவே வரலாம். போய்விட்டு வந்தும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற உணர்வு, சளி, வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை சந்தேகத்தைக் கூட்டும். சளியும் ரத்தமுமாக நடுராத்திரியில் எழுப்பிவிடும் பேதி என்றால் குடல் அழற்சி நோயையும் யோசிக்க வேண்டும். மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். மூலம் கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து.

மருத்துவர் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் பலரும் கூச்சப்படுகிறார்கள். மென்மையான உள்மூலம் விரலுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது; கெட்டியாக ஏதாவது தட்டினால்தான் மருத்துவர் முகம் மாறும். அதற்கு மேலே பார்க்க, கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விடும் கொலனோஸ்கோப்பி இருக்கிறது. குடலின் உட்சுவரில் முளைத்து, புற்றுநோயாக மாறப் பல வருடம் எடுக்கும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி கண்ணில் பட்டால், பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாகவே அதைச் சுருக்குக் கம்பி போட்டு அறுத்து எடுத்துவிடுவார்கள்.