‘பெரும் பொருளாதாரம்’ யாருடையது?

நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்க்கும் துறை மேக்ரோஎகனாமிக்ஸ். அதை ‘பெரும் பொருளாதாரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் வரும் மொழிபெயர்ப்பு அறிக்கைகளில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அமெரிக்காவும் சீனாவும் பெரும் பொருளாதாரங்கள். சுமார் 735 சதுர கிலோமீட்டர் சிங்கப்பூருக்கு ஏது?

‘மாக்ரோஸ்’ கிரேக்கச் சொல். நீண்ட, பெரிய என்று பொருள். 1933இல் நார்வேயின் பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ் அதைப் பொருளியலுக்குள் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸின் 1936ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு துறை தனியாக வேர்பிடித்தது.

பெரிதாவது பார்வை, நாடு எவ்வளவு சிறிதாகவும் இருக்கலாம். உணவங்காடியில் ஒரு கடைக்காரர் கோப்பிக்கு 10 காசு ஏற்றினால், ஏன் ஏற்றினார், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவாரா என்று கேட்பது நுண்ணியல் (மைக்ரோ). கோப்பி, வாடகை, பேருந்துக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறினால் அது பணவீக்கம், பேரியல் (மேக்ரோ). மொத்த உள்நாட்டு உற்பத்தி, வேலையின்மை, நாணய மாற்று விகிதம், அரசின் வரவுசெலவு எல்லாம் இதில் அடங்கும். ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் சேமிப்பு கூடும். ஊரே குறைத்தால் கடைகளின் வருமானம் விழும், சம்பளம் விழும், சேமிப்பும் கரையும். தனிக் கணக்கைக் கூட்டி மொத்தக் கணக்கைப் பெற முடியாது என்பதால்தான் தனித்துறையே வேண்டியிருக்கிறது.

‘பெரும் பொருளாதாரக் கொள்கை’ என்று படிப்பவர், வல்லரசுகளிடம் நாம் நடந்துகொள்ளும் விதம் என்றுதானே எடுத்துக்கொள்வார்? சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை விட்டுவிட்டு சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று மதிப்பை வைத்துப் பணக் கொள்கையை நடத்துவது, நாடு சிறிது, பெரும்பாலானவை இறக்குமதி என்பதால்தான். அதற்குப் போய் ‘பெரும்’ பட்டம்! இன்னொரு பிழையும் ஒட்டிக்கொள்கிறது: பொருளாதாரம் நாட்டில் நடப்பது, பொருளியல் அதைப் படிக்கும் துறை.

‘பேரினப் பொருளியல்’ பழைய பாடநூல் வழக்கு. பிழையில்லை, ஆனால் இன நல்லிணக்கம் தினமும் காதில் விழும் ஊரில் ‘இனம்’ வேறு பக்கம் இழுக்கும். ‘பேரளவு’ உற்பத்திக்குப் போய்விட்டது. ‘பருப்பொருளியல்’ இயற்பியல் வகுப்பு.

‘பேரியல் பொருளியல்’ போதும். இயல் இரண்டு முறை வருகிறதே என்பார்கள். முதல் இயல் தன்மை, இரண்டாவது துறை. நுண்ணியல் பொருளியலுக்கும் சரியான இணை. ஆங்கில ‘ஹெட்விண்ட்ஸை’ அப்படியே பெயர்த்து ‘பெரும் பொருளாதார எதிர்க்காற்று’ என்று எழுதுவோரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: ‘பேரியல் நெருக்கடி’ என்று எழுதுங்கள், காற்றை விடுங்கள்.