கரையில் கிடக்கும் செதில்: நீர்நாயைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரியில் பரிசலில் போய்க்கொண்டிருந்தபோது, "அதோ நீர்நாய்!" என்று கத்தினேன். பரிசல் ஓட்டியவர் துடுப்பை நிறுத்தவே இல்லை. "அது நீர்க்காக்கா சார்." கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தலை. "அது முதலை." மூன்றாவது முறை நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பரிசலை ஒரு பாறைப் பக்கம் திருப்பினார். பாறையின் மேல் சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன ஏதோ ஒன்று கிடந்தது. "தண்ணியையே பாத்துட்டு இருந்தா எப்படி? இங்க பாருங்க, வந்துட்டுப் போயிருக்கு."

அவர் காட்டியது நீர்நாயின் எச்சம். தண்ணீரில் வாழும் பிராணியைத் தேட ஏன் கரைக்குப் போக வேண்டும்? அதற்கான பதில் அதன் தோலில் இருக்கிறது.

திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. குளிர் உள்ளே போகாது. நீர்நாய்க்கு அந்த வசதி கிடையாது. மேலே நீளமான காவல் முடி, அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமான உள்முடி என்ற இரட்டைச் சட்டைதான் அதன் காப்பு. யூரேசிய நீர்நாயின் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60,000 முடிகளுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். நம் தலையில் அதே இடத்தில் சில நூறுகூடத் தேறாது. இந்த உள்முடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடுவில் காற்றைப் பிடித்து வைக்கின்றன. முழுகினாலும் தோல் நனைவதில்லை.

ஆனால் அந்தக் காற்று நிலையாக நிற்காது. நீந்த நீந்த, தண்ணீரின் அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முழுகிய நீர்நாய் போகும் வழியில் குமிழிகள் வரிசையாக மேலே வருவது அதனால்தான். முடியில் அழுக்கு சேர்ந்தாலும் காற்று நிற்காது. ஆகவே கரையேறி உதறி, மணலில் புரண்டு, நக்கி, கோதி, சட்டையைச் சரிசெய்தாக வேண்டும். ஆற்று நடுவே உள்ள மணல்திட்டில் யாரோ பாய் விரித்துப் படுத்தெழுந்த மாதிரி ஒரு இடம் அழுந்திக் கிடந்தால், அங்கே ஒரு குடும்பமே புரண்டிருக்கலாம்.

கொழுப்பு இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. உடல் சூட்டைக் காப்பாற்ற நிறையத் தின்ன வேண்டும். தின்றது சீக்கிரமே வெளியே வந்துவிடும். அதை நீர்நாய் வீணாக்குவதில்லை. குடும்பம் முழுவதும் குறிப்பிட்ட சில பாறைகளிலும் திட்டுகளிலும் திரும்பத் திரும்ப வந்து எச்சமிடும். ஆசனவாய்ச் சுரப்பிகளின் வாசனையும் சேர்ந்துகொள்வதால் அந்த இடம் ஒரு அறிவிப்புப் பலகை ஆகிவிடுகிறது. இது எங்கள் எல்லை, நேற்று வந்தோம் என்பதையெல்லாம் அடுத்து வரும் நீர்நாய் முகர்ந்தே தெரிந்துகொள்ளும்.

அந்தப் பாறையில் கிடந்ததை ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தேன். மேலே சாம்பல் பொடி. உள்ளே கண்ணாடிச் சில்லு மாதிரி மீன் செதில்கள், ஊசி ஊசியாக முள், ஒரு சின்ன முதுகெலும்புக் கண்ணி. பிசுபிசுப்பு எல்லாம் காய்ந்து போய்விட்டதால் தொட்டாலே உதிர்ந்தது. புதிதாக இருந்தால் கறுப்பாக, ஈரமாக, பளபளப்போடு இருக்கும். யூரேசிய நீர்நாயின் எச்சத்தில் மல்லிகைத் தேநீர் வாசம் வரும் என்று ஐரோப்பாவில் சொல்லிக்கொள்வார்கள். காவிரிக் கரையில் என் மூக்குக்கு எட்டியது நெத்திலிக் கருவாடுதான்.

எச்சம் கிடைக்காவிட்டால் கால்தடம். ஆற்றோரம் தெருநாய்களும் திரிவதால் குழப்பம் வரும். நாய்க்கு நான்கு விரல் பதியும், நீர்நாய்க்கு ஐந்து. ஐந்தும் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஈரச் சேறாக இருந்தால் விரல்களுக்கு நடுவே சவ்வுகூடத் தெரியும். உள்விரல் சில சமயம் பதியாமல் போகும் என்பதால் ஒரே தடத்தை வைத்து முடிவு கட்டாமல் நாலைந்தைப் பார்ப்பது நல்லது. கீரிக்கும் ஐந்து விரல்தான், ஆனால் தடம் மிகச் சிறியது, சவ்வும் இருக்காது.

சரி, தலையே தெரிந்துவிட்டது என்றால்? நீர்க்காகத்தின் கழுத்து நிமிர்ந்து, அலகு கொஞ்சம் வானம் பார்த்து இருக்கும். முழுகுமுன் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். முதலையின் தலை மரக்கட்டை மாதிரி அசங்காமல் நகரும். நீர்நாயின் தலை உருண்டை. பின்னால் அலை இரண்டாகப் பிரிந்து போகும். முழுகும்போது முதுகு வளைந்து, கடைசியில் வால் மேலே வந்து மறையும். அந்த வால் தெரிந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்தியாவில் மூன்று இனங்கள் உண்டு. காவிரி, மோயாறு, பெரியாறு அணை போன்ற பெரிய நீர்ப்பரப்புகளில் கூட்டமாகத் தெரிவது பெரும்பாலும் ஆற்று நீர்நாய். 7 முதல் 11 கிலோ வரை எடை, வெல்வெட் மாதிரி குட்டை முடி, மேலும் கீழும் தட்டையான வால். ஆனைமலை, நீலகிரி மலையோடைகளில் இருப்பது சிறுநக நீர்நாய். உலகிலேயே சிறிய இனம் இதுதான். பெரும்பாலும் 3 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். நகம் விரலைத் தாண்டி நீளாததால் தடத்தில் நகக்குறி இருக்காது. கையால் கல்லிடுக்கைத் துழாவி நண்டு பிடிப்பதில் கெட்டிக்காரன், அதனால் எச்சத்தில் செதிலைவிட நண்டு ஓடுதான் அதிகம். மூன்றாவது யூரேசிய நீர்நாய்: பெரும்பாலும் தனியே, இரவில் திரிவதால் பார்ப்பது அபூர்வம். இலங்கையில் இருப்பது இந்த ஒரே இனம்தான். இதன் முடி நனைந்தால் கற்றை கற்றையாக ஒட்டி நிற்கும். சங்கப் பாட்டில் நீர்நாயின் முதுகில் வரி இருப்பதாக வருகிறது. இந்த மூன்றில் எதற்கும் வரி கிடையாது. நனைந்த கற்றைகளைப் பார்த்துத்தான் புலவர் அப்படிப் பாடியிருப்பாரோ என்று எனக்கு ஒரு சம்சயம்.

போக வேண்டிய நேரம் அதிகாலை, இல்லாவிட்டால் சாயங்காலம். கோடையில் ஆறு வற்றி மடுக்களில் மீன் ஒடுங்கும்போது வாய்ப்பு அதிகம். மணல் அள்ளிய இடத்தில் தேடிப் பயனில்லை. புரள மணலும் இருக்காது, வளைக்குக் கரையும் இருக்காது. எச்சமிட்ட பாறை மேலேயே போய் உட்காராமல், எதிர்க்கரையில், காற்று உங்கள் பக்கம் வீசும் இடமாகப் பாருங்கள். படம் கிடைத்தால் இடத்தின் பெயரோடு இணையத்தில் போட வேண்டாம். ஆற்று நீர்நாய், சிறுநக நீர்நாய் இரண்டின் பன்னாட்டு வணிகத்துக்கும் 2019-ல் தடை வந்தது சும்மா இல்லை. தோலுக்கும் வளர்ப்புக்கும் பிடிக்கிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மறுநாள் விடியலில் அந்தப் பாறைக்கு எதிரே ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு சின்னக் கொக்குகள், இரை தேடாமல், கரையோரமாக வேகமாக நடந்து வந்தன. நீர்நாய் கலைத்துவிடும் மீனைப் பொறுக்க அவை கூடவே வருவதுண்டு என்று படித்திருந்தேன். அவற்றுக்குப் பின்னால் மெல்லிய விசில் சத்தம். ஐந்து தலைகள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில், மீனைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று பாறையில் ஏறி உதறியது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, என் பக்கம் பார்த்து, "ஹாஃப்" என்று மூச்சை விட்டது. ஐந்தும் முழுகின. நடு ஆற்றை நோக்கிக் குமிழிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.