இடைப்பெயர்: மிடில் நேம் என்பதற்குத் தமிழ்

வடசென்னையில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் பேச்சுக்குள் 'மிடில் நேம்' என்ற சொல் நுழைந்து சில காலம் ஆகிவிட்டது. ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பும் இளம் பெற்றோர், கூப்பிடுவதற்கு ஒரு பெயரும், அதற்குப் பின்னால் யாரும் வைத்திராத ஒரு மிடில் நேமும் வேண்டும் என்கிறார்கள். அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

குழந்தைக்கு இடப்படும் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் நிற்கும் பெயரே மிடில் நேம். ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடி என்பதில் ஜான் இடுபெயர், கென்னடி தந்தை வழிக் குடும்பப் பெயர். நடுவில் உள்ள ஃபிட்ஸ்ஜெரால்டு அவருடைய தாய் பிறந்த வீட்டின் பெயர். தந்தையின் குடும்பப் பெயர் கடைசி இடத்தைப் பிடித்துக்கொண்டதால், தாயின் குடும்பத்துக்கு நடு இடம் கிடைத்தது. பழைய ரோமானியரிடமும் மூன்று பெயர் வழக்கம் உண்டு. கயஸ் ஜூலியஸ் சீசர் என்பதில் ஜூலியஸ் குலத்தின் பெயர். ஆனால் இன்றைய ஆங்கிலேய வழக்கம் அதன் நேர் தொடர்ச்சி அன்று. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு வரை இரண்டு இடுபெயர் வைப்பது அபூர்வம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் அது செல்வர் வீடுகளிலிருந்து எல்லா வீடுகளுக்கும் பரவியது. அமெரிக்க அதிபர் ஹாரி எஸ். ட்ரூமனின் நடுவில் நிற்கும் 'எஸ்' எந்தப் பெயரின் சுருக்கமும் இல்லை. இரண்டு தாத்தாக்களின் பெயரிலும் அந்த எழுத்து இருந்தது. இருவரில் யாரும் மனம் கோணாதபடி எழுத்தை மட்டும் வைத்துவிட்டார்கள்.

சொல்லின் பிறப்பில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஆங்கிலத்தின் 'மிடில்', வடமொழியின் 'மத்திய' இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. 'நேம்', 'நாமம்' என்பனவும் அப்படியே. ஆகவே மிடில் நேமைத் தமிழாக்குகிறேன் என்று 'மத்திய நாமம்' என எழுதினால், அதே சொற்களை அவற்றின் உடன்பிறப்புகளைக் கொண்டு மாற்றியதாகத்தான் ஆகும்.

தமிழுக்கென்று இரண்டு சொற்கள் உண்டு, நடு, இடை. பேச்சில் நடு முந்திக்கொள்ளும். எழுத்தில் நான் இடையின் பக்கம். முதல், இடை, கடை என்று மூன்றாகப் பகுப்பது தமிழின் பழக்கம். சங்கத்தையும் அப்படித்தான் தலை, இடை, கடை என்றோம். மூன்று கட்டங்களில் முன்னதற்கும் பின்னதற்கும் இடையில் வருவது இடைப்பெயர். நடுப்பெயர் என்று எழுதினாலும் பிழையில்லை. ஆனால் இடையிலுள்ள 'ப்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட்டு 'நடுபெயர்' என்று எழுதக் கூடாது. நாற்று நடுவதைப்போல நடுகின்ற பெயர் என்று பொருள் மாறிவிடும்.

இத்தனை நாள் இல்லாத தேவை இப்போது ஏன் வந்தது? ஆங்கிலப் படங்களைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாடு அதை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது. இந்தியாவின் பிற பகுதிகளில் கடைசிக் கட்டத்தில் எழுதப்படும் குடும்பப் பெயர் நம்மிடம் இல்லாமல் போனது இதனால்தான். பெருமைப்பட வேண்டிய இல்லாமை இது. ஆனால் விண்ணப்பப் படிவங்கள் நமக்காக எழுதப்பட்டவை அல்ல. பான் அட்டைக்கு இனிஷியல் எனப்படும் முன்னெழுத்தை மட்டும் எழுதினால் ஏற்பதில்லை, விரித்தெழுதச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். இடுபெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வருகை விசா பெற்று வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ உள்ள வீடுகள் இதைக் கேட்டுக் கலங்கின. இப்படித்தான் தந்தையின் பெயர் முன்னெழுத்து என்ற நிலையிலிருந்து விரிந்து கடைசிக் கட்டத்துக்குப் போனது. இடுபெயருக்கும் அதற்கும் நடுவில் ஓர் இருக்கை காலியானது.

அந்தக் காலி இருக்கையை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சைத் தண்டையார்பேட்டையில் ஓர் இ-சேவை மையத்தில் நின்று கேட்டேன். கணினி முன்னால் இருந்த இளைஞர், "குழந்தைக்கு மிடில் நேம் இருக்கிறதா, அம்மா?" என்றார். பேத்தியை இடுப்பில் வைத்திருந்த பாட்டி, "வீட்டில் கூப்பிடுகிற பேரா, தம்பி?" என்று கேட்டார். "இல்லை அம்மா, பிள்ளை பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்கிறேன்." பாட்டி யோசிக்கவே இல்லை. "நடுவில் இடம் இருக்கிறதென்றால் என் மாமியார் பேரைப் போடு. நாங்கள் எல்லோரும் அவர்கள் கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்." குழந்தையின் தந்தை பதில் சொல்லாமல் கைப்பேசியைத் திறந்தார். அதில் அவர் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்.

இப்படி நடுவில் ஒரு பெயர் நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. சங்கப் புலவர் வரிசையில் மதுரை மருதன் இளநாகனார் என்று ஒருவர். மதுரை ஊர், மருதன் தந்தை, இளநாகன் அவருடைய சொந்தப் பெயர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் பெயரில் இடையில் இருப்பவை தானிய வணிகம் என்ற தொழிலும் சீத்தலை என்ற ஊரும். தந்தை பெயரோடு மகன் பெயர் சேரும்போது ஒலி எப்படி மாறும் என்பதற்குத் தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. கொற்றன் மகன் கொற்றன், கொற்றங்கொற்றன் ஆவான். சாத்தன் மகன் கொற்றன், சாத்தங்கொற்றன். பெயர்கள் அடுத்தடுத்து நிற்பது அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பாட்டனின் பெயரைத் தாங்கியவன். மாமியார் பெயரைப் போடச் சொன்ன பாட்டி அந்த மரபில்தான் பேசினார்.

இதைவிட அருகில் ஒரு சான்று இருக்கிறது. பெரம்பூருக்குப் பக்கத்தில் திரு.வி.க. நகர். பஸ்ஸின் நெற்றியிலும் மாநகராட்சி மண்டலத்தின் பெயர்ப் பலகையிலும் நாள்தோறும் படிக்கிறோம். திருவாரூர் விருத்தாசல கல்யாணசுந்தரம் என்பதன் சுருக்கம் அது. 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக உழைத்தவர் அவர். திருவாரூர் குடும்பத்தின் பூர்வீக ஊர், விருத்தாசலம் தந்தை, கல்யாணசுந்தரம் அவர். மதுரை மருதன் இளநாகன் எந்த அச்சோ அதே அச்சு. நடுவில் நிற்கும் அந்த 'வி' ஓர் இடைப்பெயர். வடசென்னை மக்கள் மிடில் நேமை எங்கோ தேட வேண்டாம், தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தமிழ் முஸ்லிம்களிடம் இந்தத் தொடர் இன்னும் நீளும். அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் என்பதில் கொள்ளுத்தாத்தா, தாத்தா, தந்தை மூவரும் வரிசையாக முன்னால் வந்து, கடைசியில்தான் அவருடைய சொந்தப் பெயர் வருகிறது. தமிழ்ப் பெயரில் ஆள் கடைசியில் நிற்பார். மேலைநாட்டுப் பெயரில் ஆள் முதலில் நிற்பார். இந்த வேறுபாடு தெரியாததால்தான் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டில் 'விஷி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். அது அவருடைய தந்தையின் பெயர்.

ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் இடம் மாறாதது ஒன்று உண்டு. தந்தை கண்ணன், மகள் ஆதிரை, இடைப்பெயர் மகிழ் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வரிசையில் கண்ணன் மகிழ் ஆதிரை, படிவத்தில் ஆதிரை மகிழ் கண்ணன். முதலும் கடையும் இடம் மாறிக்கொள்கின்றன. இடை அங்கேயே இருக்கிறது. மூன்று பெயர்களில் எந்த நாட்டுக்குப் போனாலும் இருக்கை மாறாத பெயர் இதுதான். அதற்காகவே இதை யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

அபூர்வமான பெயர் வேண்டும் என்ற ஆசைக்கு நான் எதிரி அல்லன். அர்த்தம் தெரியாத இரண்டு அசைகளை ஒட்டிப் புதுப் பெயர் செய்வதைவிட, இந்த மண்ணிலேயே கேட்பாரற்றுக் கிடக்கும் பெயர்களைக் கையில் எடுக்கலாமே என்பதுதான் என் வாதம். மகிழ் என்றால் மகிழ்ச்சி என்று மட்டும் நினைத்து இன்று பலர் வைக்கிறார்கள். திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போனால் அது ஒரு மரம் என்று தெரியும். மகிழ மரம் அங்கே தல மரம். சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று நாயன்மார் சுந்தரர் அந்த மரத்தடியில்தான் சத்தியம் செய்தார் என்கிறது தல வரலாறு. வாக்கை மீறி ஊரைத் தாண்டியதும் பார்வையை இழந்தார். மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும். பெட்டியில் துணிக்கு நடுவில் போட்டு வைத்த வீடுகளுக்கு அது தெரியும். ஒரு மரம், ஒரு சத்தியம், ஒரு பூ மூன்றும் சேர்ந்த இடைப்பெயர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? அதே கோயில் அம்மன் வடிவுடையாள். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் அவள்மீது ஒரு மாலையே பாடினார். 'வடிவு' என்ற மூன்றெழுத்துப் பெயர் பழைய தலைமுறையோடு போய்விடுமோ என்று எனக்குக் கவலை உண்டு. இடைப்பெயராகவாவது திரும்பி வரட்டும்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்குக் கடலே பெயர்களை வைத்திருக்கிறது. ஆழி, பரவை, முந்நீர், ஆர்கலி எல்லாம் கடலைக் குறிக்கும் சொற்கள். பரவைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு, சுந்தரரின் மற்றொரு மனைவியின் பெயர் அது. ராயபுரத்துக் கிறித்தவ வீடுகளில் திருமுழுக்குப் பெயர் ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதை இடையில் வைத்துக்கொள்கிறார்கள். பேதுருவுக்கு ராயப்பர், பவுலுக்குச் சின்னப்பர், யோவானுக்கு அருளப்பர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர்களைப் போன்ற அழகான இடைப்பெயர் கிடைப்பது கடினம். வீட்டில் தெலுங்கு பேசுவோரின் 'இன்டி பேரு' என்ற குடும்பப் பெயர் முதலில் வரும், அதை இடையில் இழுக்க வேண்டியதில்லை.

தாயின் பெயரை இடையில் வைப்பதை எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். கெளதமிபுத்திர சாதகர்ணி என்ற அரசன் தாயின் பெயரைத் தன் பெயரோடு சுமந்தான், அவன் அரசுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. தந்தை பெயர் கடையில் இருக்க, பெற்றவளின் பெயர் இடையில் இருப்பதைவிடப் பொருத்தமான பொருள் அந்த இருக்கைக்கு இல்லை.

வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முழுப் பெயரையும் தெருமுனையிலிருந்து கூப்பிடுவதுபோல உரக்கச் சொல்லிப் பாருங்கள். ழகரம் நம் பகுதி நாவில் ளகரமாகவோ யகரமாகவோ மாறும். ஆழி, ஆளியாகும். ஆளி என்பது புராண விலங்கின் பெயர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாறிய ஒலியும் பிள்ளைக்குப் பிடிக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு மொத்தம் 39 இடங்கள்தான், நடுவில் வரும் குறிகளும் அதற்குள் அடக்கம். மீறினால் வால் வெட்டப்படும்.

இடைப்பெயருக்கென்று இந்தியப் பாஸ்போர்ட்டில் தனிக் கட்டம் இல்லை. இடுபெயருக்கான கட்டத்திலேயே அதை அடுத்து எழுத வேண்டும். தமிழில் எழுதும்போது தந்தையின் முன்னெழுத்தும் தமிழிலேயே வரட்டும், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையும் அதையே சொல்கிறது. க. மகிழ் ஆதிரை என்று எழுதினால் போதும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பெயரையும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும் என்று பலர் அவசரப்படுகிறார்கள். தேவையில்லை. பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. சேர்த்துவிட்டால் எழுத்துப்பிழையைத்தான் எளிதில் திருத்த முடியும், பெயரையே மாற்ற அரசிதழ் வரை போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். ஆகவே இடைப்பெயர் வேண்டுமென்றால், பெயரைப் பதிவு செய்யும்போதே சேர்த்துப் பதிந்துவிடுங்கள்.