குளிருக்கு ஒரு சொல், வினை நாலு

ஹட்டனில் டிசம்பர் மாதக் காலை. ஜன்னல் ஓரத்தில் வைத்த பிளேன்டி பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். "வெளிய குளிரா இருக்கு", "எனக்குக் குளிருது", "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்று மூன்றையும் நாம் மூன்று விதமாகச் சொல்கிறோம். ஸ்பானிய மொழியில் மூன்றுக்கும் 'ஃப்ரீயோ' என்ற ஒரே சொல் போதும். மாறுவது கூட வரும் வினைதான்.

வானிலைக்கு 'ஆஸே ஃப்ரீயோ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'குளிர் செய்கிறது'. ஆளுக்கு 'தெங்கோ ஃப்ரீயோ', அதாவது 'குளிர் வைத்திருக்கிறேன்'. தமிழில் குளிர் நம்மிடம் வருகிறது, 'எனக்கு' என்கிறோம். அங்கே ஆள் குளிருக்குச் சொந்தக்காரர். பசி, தாகம், தூக்கம்கூட அவர்கள் 'வைத்திருக்கும்' சாமான்கள்தான்.

தேத்தண்ணிக்கு 'எல் தே எஸ்தா ஃப்ரீயோ'. (அந்தத் 'தே'யும் நம் தேயிலையின் 'தே'யும் சீனத்து ஹொக்கியன் பேச்சில் கிளம்பிய ஒரே சொல்.)

சூட்சுமம் இங்கேதான். முதல் இரண்டிலும் ஃப்ரீயோ பெயர்ச்சொல். அதனால் பேசுவது பெண்ணானாலும் 'தெங்கோ ஃப்ரீயோ'தான். தேத்தண்ணியில் அது பெயரடை, பொருளின் பாலுக்கேற்ப வால் மாறும். நமக்கு 'குளிர்ந்த காற்று', 'குளிர்ந்த கை' இரண்டுக்கும் ஒரே 'குளிர்ந்த' போதும். அங்கே ஆண்பால் என்றால் ஃப்ரீயோ, பெண்பால் என்றால் ஃப்ரீயா. ஓகாரத்தில் முடிவது பெரும்பாலும் ஆண்பால். ஆனால் கை என்ற 'மானோ' ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால்! கை சில்லிட்டால் 'லா மானோ எஸ்தா ஃப்ரீயா'. இதைத் தப்பாகச் சொல்லாமல் ஸ்பானியம் படித்தவர் யாரும் இருக்க மாட்டார்.

நாலாவது வினை கொஞ்சம் விவகாரமானது. 'எஸ்தா' இப்போதைய நிலையைச் சொல்லும், 'எஸ்' இயல்பைச் சொல்லும். படிக்கத் தொடங்கிய புதிதில், "எனக்குக் குளிருது" என்று நினைத்து 'சோய் ஃப்ரீயோ' என்று நோட்டில் எழுதிவைத்திருந்தேன். 'சோய்' இந்த 'எஸ்'ஸே 'நான்' என்பதற்கு எடுக்கும் வடிவம். 'நான் மனிதர்களோடு ஒட்டாத ஆள்' என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சரி, மலைக்கு வருவோம். கொலம்பியாவில் சுமார் 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைநாட்டுக்கு 'தியெர்ரா ஃப்ரீயா', குளிர்நிலம் என்று பெயர். நிலம் பெண்பால் ஆகவே ஃப்ரீயா. தலைநகர் போகோட்டா சுமார் 2,600 மீட்டரில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீட்டர்தான். அந்தக் கணக்கில் அது குளிர்நிலத்தில் சேராது, அதற்குக் கீழே உள்ள 'தியெர்ரா தெம்ப்லாதா', மிதவெப்ப நிலம். ஜனவரியில் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் நுவரெலியாக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.