ஒரே தாய் செல், இத்தனை வகை ரத்த அணுக்கள்

ஒவ்வொரு நொடியும் நம் உடம்பில் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவை மட்டுமல்ல, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள், டெங்கு வந்தால் எல்லோரும் எண்ணிக்கை கேட்கிற பிளேட்லெட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான்: இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையின் ஸ்டெம் செல்கள், அதாவது பல வகை அணுக்களாக மாறக்கூடிய தாய் செல்கள்.

இதற்கு முதல் வலுவான ஆதாரம் 1961-ல் டொரான்டோவில் கிடைத்தது. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்துபோன எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள் விஞ்ஞானிகள் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும். சுமார் பத்து நாளில் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் முளைத்தன. ஒரே முடிச்சுக்குள்ளேயே பல வகை ரத்த அணுக்கள் இருந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்தது என்பது இரண்டு வருடம் கழித்து உறுதியானது.

சரி, எது என்னவாக வேண்டும் என்று யார் சொல்வது? ஸ்டெம் செல் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். எப்போதாவது பிரியும்போது சில ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும், மற்றவை முதிரத் தொடங்கும், முதிர முதிர அவற்றின் முன்னால் இருக்கும் வழிகள் குறைந்துகொண்டே வரும். செல்லுக்குள் காட்டா-1, பியூ-1 என்று இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. காட்டா-1 ஓங்கிய செல் சிவப்பணு, பிளேட்லெட் பக்கம் போகிறது, பியூ-1 ஓங்கினால் வெள்ளையணுப் பக்கம். பாடப்புத்தகப் படத்தில் இது கிளை கிளையாகப் பிரியும் மரம் மாதிரி இருக்கும், ஆனால் நிஜத்தில் அவ்வளவு கறாரான பிரிவுகள் கிடையாது, சில ஸ்டெம் செல்கள் ஆரம்பத்திலிருந்தே பிளேட்லெட் பக்கம் சாய்ந்திருக்கின்றன.

வெளியிலிருந்தும் உத்தரவு வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், அது சிவப்பணு வழியில் போகும் செல்கள் சாகாமல் பெருக உதவும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ரத்தசோகை வருவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சுரப்பு குறைவதுதான், அதனால்தான் அவர்களுக்கு அதை ஊசியாகப் போடுகிறார்கள்.

கடைசிக் கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிவப்பணு ஆகப்போகும் செல் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும், பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல் அதை விழுங்கிவிடும். பிளேட்லெட்டின் கதை வேறு. மெகாகேரியோசைட் என்ற ராட்சதச் செல் மஜ்ஜையின் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக நீண்ட இழைகளை உள்ளே நீட்டும், ரத்த ஓட்டத்தின் வேகத்தில் அவை துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயிரக்கணக்கான பிளேட்லெட்டுகளாகும். சிவப்பணு சுமார் 120 நாள் தாங்கும், பிளேட்லெட்டுக்கு 7 முதல் 10 நாள்தான், அதனால் கீமோதெரபி மஜ்ஜையை அடக்கும்போது பிளேட்லெட் எண்ணிக்கை சீக்கிரமே இறங்கிவிடுகிறது.