கம்யூனிஸ்ட்: பொதுவுடைமையாளர்

கம்யூனிஸ்ட் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கொம்' என்றால் உடன், கூட; 'மூனுஸ்' என்றால் கடமை, பணி, கொடை. கடமையையும் பயனையும் கூட்டாக ஏற்பது 'கொம்மூனிஸ்', அதாவது பொதுவானது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1840-களில் பிரான்சில் எத்தியேன் கபே என்ற சிந்தனையாளர் தம் கொள்கைக்கு இந்தப் பெயரையே சூட்டினார். 1847-இல் இலண்டனில் கூடிய நேர்மையாளர் கழகம் என்ற தொழிலாளர் அமைப்பு தன் பெயரைக் கம்யூனிஸ்ட் கழகம் என்று மாற்றிக்கொண்டது. அதற்காக மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கை 1848 பிப்ரவரியில் வெளிவந்தபின் சொல் உலகெங்கும் பரவியது.

நிலமும் ஆலையும் தனியார் கையில் இராமல் அனைவருக்கும் உரியவையாக வேண்டும் என்பவர் கம்யூனிஸ்ட். இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது. "முப்பது கோடி ஜனங்களின் சங்கம் முழுமைக்கும் பொது உடைமை" என்று பாரதியார் பாடிவிட்டார். பாரதிதாசன் 'பொதுவுடைமைக் கொள்கை' என்றே பாடினார்.

பலர் 'பொதுவுடமை' என்று எழுதுகிறார்கள், அது பிழை. உடைய என்பதன் அடியாகப் பிறந்தது உடைமை. அன்புடைமை, அறிவுடைமை என்று குறள் அதிகாரங்களுக்கே பெயர் உண்டு. "உள்ளம் உடைமை உடைமை" என்ற குறளை நினைவில் வைத்தால் இந்த ஐகாரம் தவறாது.

இதே இலத்தீன் வேரில் பிறந்த 'கம்யூனல்' இந்தியாவில் வேறு பொருள் கொண்டது. அரசுப் பணியிடங்களைச் சாதி, மத வகுப்புகளுக்குப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் 'கம்யூனல் ஜி.ஓ.'வை நாம் வகுப்புவாரி அரசாணை என்கிறோம். மதவெறி அரசியல் செய்பவரை வகுப்புவாதி என்கிறோம். ஆங்கிலத்தில் ஒலியால் நெருங்கிக் குழப்பும் இரண்டும் தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

'பொதுவுடைமைவாதி' என்றும் எழுதுவதுண்டு. வாதி என்பது வாதிடுபவரையே முன்னிறுத்துகிறது. 1923 மே 1-இல் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர்களைத் திரட்டி மே நாள் கொண்டாடிய சிங்காரவேலரை வெறும் வாதி என்று எழுத எனக்கு மனம் வராது. கொள்கையை ஏற்று அதற்காக உழைப்பவரைப் பொதுவுடைமையாளர் என்பதே பொருத்தம். சுருக்கமாகப் பொதுவுடைமையர் எனலாம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி போன்ற இயற்பெயர்களை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும்.