விழுந்த பூனையும் விழாத வெண்பாவும்

முதலில் இரண்டு அடி. இந்தக் கட்டுரைக்காக நானே கட்டியது:

மதிலின் வழுக்கி விழுந்ததோர் பூனை
குதித்ததாய்க் காட்டும் முகம்.

தளை (சீரோடு சீர் ஓசையில் இணையும் விதி) தட்டவில்லை, சரிபார்த்துவிட்டேன். முறையான குறள் வெண்பா. சிரிப்பின் முதல் பாதி அங்கேயே இருக்கிறது. 1330 குறளில் பழகிய காது, நாலு சீர், அப்புறம் மூன்று சீர் என்றதுமே ஏதோ நீதி வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காரும். வந்து நிற்பதோ பூனை.

மறு பாதி வரிசையில் இருக்கிறது. "குதித்தது போல முகத்தை வைத்துக்கொண்டது, மதிலிலிருந்து வழுக்கி விழுந்த பூனை" என்று மாற்றிப் பாருங்கள். செய்தி அதேதான், சிரிப்பு வரவில்லை. முடிச்சு முன்னாலேயே அவிழ்ந்துவிட்டது. செய்யுளில் முதல் அடி முழுக்க விழுவதற்கே செலவாகிறது. ‘மதி’யைக் கேட்ட காது எதுகைக்குக் காத்திருக்கிறது. ‘குதி’ வருகிறது. ஓசை எதிர்பார்த்தபடி பொருந்தும் அதே சொல்லில் பொருள் குப்புறத் திரும்புகிறது. கடைசிச் சீரான ‘முகம்’ ஒரே அசை. வெண்பாவின் ஈற்றுச்சீர் குட்டைதான், அதற்குப் பின் விளக்கம் சொல்ல இடமே இல்லை. நகைச்சுவைக்கு அதுவும் நல்லதுதான்.

இறுகிய எதிர்பார்ப்பு சட்டென ஒன்றுமில்லாமல் போவதில்தான் சிரிப்பு பிறக்கிறது என்றார் ஜெர்மன் தத்துவஞானி காண்ட், 1790-இல். பாதி சரி என்பேன். இங்கே ஒன்றுமில்லாமல் போகவில்லையே, பூனையின் முகம் மிஞ்சுகிறது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணங்கள் சொல்கிறது. இது எள்ளல். யாரை? விழுந்ததை மறைத்து முகத்தைச் சரிசெய்வது நம் வழக்கம். கேலி நம்மைத்தான், பூனை வெறும் வேஷம்.

ஏன் பூனை? விழும்போதே உடலைத் திருப்பிக் காலூன்றுவதில் அது கெட்டி. 1894-இல் மாரே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அதைத் தொடர் படங்களாகவே எடுத்துக் காட்டினார். அப்படிப்பட்டது வழுக்கினால் கூடுதல் வேடிக்கை. நாய் விழுந்தால் ‘ஐயோ பாவம்’ என்போம்.

சரி, ‘குதித்ததாய்க் காட்டும்’ என்பதை எடுத்துவிட்டு ‘கதறிக் கலங்கும்’ என்று போடுங்கள். வெண்பா கெடாது. சுவை நகையிலிருந்து அழுகைக்குப் போய்விடும். கேட்டவர்கள் பூனைக்கு எங்கே அடிபட்டது என்று விசாரிப்பார்கள்.